அரை மணி நேரம், சத்தமாக

நூலகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசும்படி என்னைக் கூப்பிட்டவர்கள், தலைப்பையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். ‘தினசரி வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது எப்படி.’ முப்பத்துமூன்று வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்திருப்பார்கள். தல்லாகுளத்தில் அந்தக் கூட்ட அறையில் ஏசி ஓடவில்லை. உங்களில் பாதிப் பேர் மேசைக்கு அடியில் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். மீதிப் பாதி தூக்கத்தை மறைக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நானும் நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இதற்குச் சால்வை கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நூலகராக இருந்த முதல் இருபத்தெட்டு வருஷம் நான் புத்தகம் படித்ததில்லை. முதுகில் எண் ஒட்டுவேன், தூசி தட்டுவேன், கிழிந்ததை ஒட்டுவேன், வராத புத்தகத்துக்குக் கடிதம் போடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேரையூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் இருந்தேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்து, நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள் என்றார். அலமாரி வரைக்கும் எழுந்து போவானேன் என்று மேசையில் கிடந்ததை எடுத்து, இப்போதுதான் வந்தது, பிரமாதமாக இருக்கும் என்று நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேத்து நான் திருப்பிக் குடுத்ததுதான் மேடம் இது” என்றார். ரெண்டாவது தடவை படித்தால்தான் பிடிபடும் என்று சொன்னேன். மனிதர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, நூலகர் என்ன சொன்னாலும் நம்புகிறார்கள் என்பதை. ரொம்ப நாள் அந்தப் பாடத்தை வைத்தே ஓட்டினேன்.

இனி நான் சொல்வது கடைசியாக வேலை பார்த்த கிளையில் நடந்தது. மதுரையின் தெற்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையிலும் தினசரி வாசிப்போர் வட்டம் தொடங்க வேண்டும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தினமும் அரை மணி நேரமாவது வாசிக்க வேண்டும், எத்தனை பேர் வாசித்தார்கள் என்று மாதா மாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். சுற்றறிக்கையை எழுதியவர் கடைசியாக எதை வாசித்தார் என்று அதில் இல்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாசிப்பதில்தான் எனக்கு ஆர்வம் இல்லையே தவிர, திட்டம் போடுவதில் உண்டு. முப்பது கட்டம் போட்ட அட்டை அச்சடித்தேன். ஒரு நாள் வாசித்தால் ஒரு கட்டத்தில் ஒரு முத்திரை. முப்பதும் நிறைந்தால் சான்றிதழும் பேனாவும். நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்காக ஒரு வாட்ஸப் குழு. வீட்டில் படித்துப் படம் அனுப்பினால் அதற்கும் ஒரு கட்டம்.

இரண்டே வாரத்தில் நூற்றுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். விரித்த புத்தகம், பக்கத்தில் காபி டம்ளர். விரித்த புத்தகம், மேலே மூக்குக்கண்ணாடி. ஓர் அம்மா தினமும் பக்கத்தின் மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்துப் படம் எடுப்பார். பூவுக்கு அடியில் எழுத்தே தெரியாது. எல்லோருக்கும் எல்லோரும் கைகூப்புவார்கள். அந்த நேரத்தில் யாராவது படித்தார்களா என்று கேட்காதீர்கள். படம் எடுக்கவும் கைகூப்பவுமே அரை மணி நேரம் ஆகிவிடும்.

இவர்களில் முதல் ஆளாக முப்பது கட்டத்தையும் முடித்தவர் கனகவேல். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நூற்றுப் பத்துப் போன் நம்பர் ஒரே இடத்தில் கிடைக்கிற குழுவை அவர் விடுவாரா? தினமும் நூலகத்துக்கே வந்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, புத்தகத்தோடு படம் எடுத்துப் போடுவார். நான் சந்தோஷமாக முத்திரை குத்துவேன். சான்றிதழ் எழுதுகிற அன்றைக்குத்தான் முப்பது படங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். முப்பதிலும் அதே புத்தகம், அதே நாற்பத்தேழாம் பக்கம். சட்டை மட்டும் மாறியிருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சான்றிதழில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். எனக்கு ஒரு முன்மாதிரி வாசகர் வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் வட்டத்தில் சேராத ஒருவர் தினமும் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் துளசிராம். பழங்காநத்தத்தில் வீடு. ஐம்பத்திரண்டு வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் விற்பனையாளர். வீட்டில் சௌராஷ்டிர மொழி, கடையில் தமிழ். அவர் பேசிய பேச்சுக்காகவே சேலை வாங்கிய பெண்கள் உண்டு என்று அவர் மனைவி ராதாபாய் சொல்வார். பக்கவாதம் வந்ததில் வலது கை தளர்ந்து, பேச்சு போய்விட்டது. புரிந்துகொள்வார், சொல்ல வராது. மிஞ்சியது ஒரே சொல், ‘வாங்க’. கடை வாசலில் அத்தனை வருஷமாகச் சொன்ன சொல். சாப்பிட்டாச்சா என்றாலும் வாங்க. கை வலிக்கிறதா என்றாலும் வாங்க. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் சத்தமாகத் தமிழ் வாசிக்க வைக்கச் சொல்லியிருந்தார். ஒரு நாளும் விடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அதனால் ராதாபாய் அவரை ஆட்டோவில் ஏற்றி நூலகத்துக்குக் கூட்டி வருவார்.

ஒன்பதரை மணிக்கு வருவார்கள். பெரிய எழுத்தில் அச்சான சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். ராதாபாய் வரிக்கு அடியில் விரலை வைப்பார். துளசிராம் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக்கொண்டு வருவார். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம். சத்தத்தை ஏற்றவோ இறக்கவோ அவரால் முடியாது. திடீரென்று ஓங்கி வரும். ஒரு மாதம் போனபோது சின்னச் சின்னச் சொற்களை முழுசாகச் சொன்னார். பதற்றம் வந்தால் மட்டும் எல்லாம் போய் ‘வாங்க’ ஒன்றுதான் நிற்கும்.

வாசிப்பு என்று ஒன்று என் நூலகத்தில் நடந்தது அந்த மேசையில்தான். அந்த மேசைக்கு நான் முத்திரை குத்தவில்லை. அட்டை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர்கள் படம் எடுத்துப் போடவில்லையே.

அந்த ஹாலில் காலையிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் மகாலட்சுமி என்று ஒரு பெண். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். மூன்று தடவை எழுதித் தவறிவிட்டாள். இதுதான் கடைசி, அதற்கப்புறம் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, அந்தப் பெரியவர் ஒரு வரி வாசிக்கும்போது தனக்கு ஒரு பக்கம் மனதில் நிற்காமல் போகிறது என்றாள். அவரைக் குறை சொல்லவில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். நம் வேலையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயம். இரண்டு பேருக்கும் வேறு இடம் கிடையாது. யோசித்து முடிவு எடுக்க வேண்டிய இடம் அதுதான். நான் யோசிக்கவில்லை. அதற்குள் இன்னொரு செய்தி வந்துவிட்டது. வாசிப்போர் வட்டத்தைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார், கூடவே போட்டோ எடுப்பவரும் வருகிறார், திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு.

சனிக்கிழமை ராதாபாயைத் தனியாகக் கூப்பிட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள், ஒரு ரெண்டு வாரம் வராமல் இருந்தால் நல்லது என்று சொன்னேன். புகாரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதிகாரி வரும் நேரத்தில் ஹால் அமைதியாக, அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பழியைப் பிள்ளைகள் மேல் போட்டேன். ராதாபாய் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். துளசிராம் என்னைப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார்.

“வாங்க” என்றார்.

ராதாபாய் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கினார். நான் பேனர் கட்ட ஆள் வந்துவிட்டானா என்று பார்க்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. ஹாலில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஜன்னல் ஓரத்தில் கனகவேல், புதுச் சட்டை, விரித்த புத்தகம். அதிகாரி நேராக அவரிடம் போய், என்ன புத்தகம், எதைப் பற்றியது என்று கேட்டார். கனகவேல் எழுந்து நின்று, “நல்ல கருத்துள்ள புத்தகம் சார்” என்றார். அதிகாரி விடவில்லை. கதை என்ன என்றார். கனகவேல் என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் மேடம் என்றார். அந்தப் புத்தகத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான். அட்டை பளிச்சென்று இருந்தது, போட்டோவுக்கு நன்றாக வரும் என்று கொடுத்தேன். இத்தனை பேர் நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது.

“நல்ல கருத்துள்ள புத்தகம்தான் சார்” என்றேன்.

அதிகாரி புத்தகத்தை வாங்கினார். அது தானாகவே நாற்பத்தேழாம் பக்கத்தில் விரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் தள்ளினார். ஹாலே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமா, நல்ல கருத்து” என்றார்.

போட்டோ எடுத்தார்கள். எங்கள் கிளைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பிடிபட்டால்தான் பாடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பிடிபடவே மாட்டீர்கள். இந்தத் துறையில் படிக்காதவரைக் கண்டுபிடிக்கப் படித்தவர் ஒருவர் வர வேண்டும், அது அடிக்கடி நடப்பதில்லை.

மூன்றாவது வாரம் மகாலட்சுமி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் நோட்டு இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

“அந்தம்மா பஸ் ஸ்டாப்புல என்னயப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுறாங்க மேடம். உங்க படிப்பக் கெடுத்துட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு. நாங்க யாரு எழுதிக் குடுத்தோம்? சத்தமா இருக்குன்னு உங்கட்டச் சொன்னேன். வேற எடம் பாத்துக் குடுப்பீகன்னுதான் சொன்னேன். ஆள அனுப்பச் சொன்னேனா?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நூலகம் அல்லவா. ஆனால் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அதிகாரி வருகிறார் என்று நான்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் போய் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் நோட்டில் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் இல்லாமலேயே அவள் படிப்பைக் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பழங்காநத்தத்துக்குப் போனேன். கடைவீதிக்குப் பின்னால் சந்தில் மாடி வீடு. துளசிராம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ராதாபாய் காபி போட்டுக் கொடுத்தார். கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாப்பத்தி மூணு நாள் விடாம வந்தோம் மேடம். நீங்க ரெண்டு வாரம்னீங்க. ரெண்டு வாரத்துல எல்லாம் போச்சு. இப்பக் கெளம்புவோம்னு சட்டையக் கையில எடுத்தாலே செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறாரு. வீட்டுலயும் வாயத் தொறக்கல. நாப்பத்தி மூணு நாளும் இல்லாதது மாதிரி ஆயிருச்சு.”

பழக்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதைக் கட்டுவதற்கு ஒரு பெண் நாற்பத்துமூன்று நாள் ஆட்டோ பிடித்திருக்கிறாள். உடைக்க எனக்கு ஒரு பொய் போதுமாக இருந்தது. அதுவும் இரண்டு வாரத்துக்கான பொய்.

உண்மையைச் சொன்னேன். யாரும் புகார் கொடுக்கவில்லை, நான்தான் அனுப்பினேன் என்று. ராதாபாய் அதைத் தன் மொழியில் கணவரிடம் சொன்னார். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டார். நூலகத்துக்கு வாருங்கள் அண்ணே என்று நான் கெஞ்சியது சுவரோடு சரி.

அதற்கு அடுத்த நாள் என்ன நினைத்துப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். அவர் வாசிக்காவிட்டால் காதாலாவது கேட்கட்டும் என்று. ராதாபாய் வாசலில் நின்று, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தார்.

ஐந்தாவது நிமிஷம் வாய் உலர்ந்தது. வரி தப்பியது. எட்டாவது நிமிஷம் கொட்டாவி வந்தது. பத்தாவது நிமிஷம் மணியைப் பார்த்தேன். அரை மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன், எத்தனை கட்டத்தில் முத்திரை குத்தியிருக்கிறேன். அரை மணி நேரம் எம்புட்டு நீளம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்து, இரண்டு தடவை நிறுத்தி, எப்படியோ முடித்தேன். அவர் திரும்பவே இல்லை.

தினமும் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போகாவிட்டால் அன்று முழுவதும் மகாலட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியாது. ஐந்தாவது நாள் ஒரு விபரீதம் நடந்தது. கதையில் கிணறு வெட்டுகிற இடம். உள்ளே ஆள் இறங்கியிருக்கிறான், மேலே கயிறு அறுந்துகொண்டிருக்கிறது, அரை மணி நேரம் முடிந்துவிட்டது. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. திறந்து படித்தேன். பஸ்ஸில் ஏறியும் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் புத்தகம் படித்ததால் நூலகத்தை நேரம் கழித்துத் திறந்தது அன்றைக்குத்தான். வாசலில் நின்றவர்களிடம் பஸ் லேட் என்று சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒன்பதாவது நாள். கதையில் கல்யாண வீடு, மணப்பெண்ணுக்குப் பூ வைத்துச் சடை தைக்கிறார்கள். நான் பாட்டுக்கு, “தாளம்பூ மடல எடுத்து” என்று வாசித்துக்கொண்டு போனேன். கட்டிலில் படீரென்று அடி விழுந்தது. பயந்து நிறுத்தினேன். துளசிராம் இடது கையால் கட்டிலை அடித்திருந்தார். உடம்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்தேன். நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“தா... ழ... தாழம்பூ” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ராதாபாய்க்குப் புரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபிறகு சொன்னார். கடையில் சேர்ந்த புதிதில், கூர்கூராகக் கரை வைத்த தாழம்பூ ரேக்குச் சேலையை இவர் தாளம்பூ ரேக்கு என்று சொல்லிவிட்டாராம். வாங்க வந்த ஓர் அம்மா, உங்க ஆளுகளுக்குத் தமிழ் வராதே என்று நக்கல் அடித்தாராம். அன்றிலிருந்து ஒரு மாதம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ழகரத்தைப் பழகினாராம். அதற்கப்புறம் அந்தக் கடையில் அவரைப் போல ‘ழ’ சொல்ல ஆள் கிடையாதாம்.

தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்து, தமிழ்ப் புத்தகத்தைக் காவல் காக்கச் சம்பளம் வாங்குகிற நான், வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் அன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எட்டு நாள் பொறுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார் மனிதர். என் அன்புக்கோ மன்னிப்புக்கோ அவர் திரும்பவில்லை. என் வாசிப்பைச் சகிக்க முடியாமல்தான் திரும்பினார். அன்றைக்கு மீதிப் பக்கத்தில் ஆறு இடத்தில் கட்டிலை அடித்தார். மறுநாள் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி அவரே வைத்துக்கொண்டார். நான் எங்கே தப்பு விடுகிறேன் என்று பார்க்க அவர் வரியைப் பின்தொடர வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே அவர் வாயும் அசைந்தது.

பத்து நாள் கழித்து நூலகத்துக்கு வந்தார். அதற்குள் இடம் தயார். பின்னால் ஓர் அறை இருந்தது. வந்த கட்டைப் பிரிக்காமல் அடுக்கிவைத்த புத்தகங்களும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறை. இடம் இல்லை, இடம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த கிளையில் ஓர் அறை முழுக்க என் சோம்பேறித்தனத்தை அடைத்து வைத்திருந்தேன். மகாலட்சுமியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மத்தியானத்தில் அதை ஒழித்துக் கொடுத்தார்கள். கதவைச் சாத்தினாலும் அவர் குரல் கொஞ்சம் வெளியே வரும். மகாலட்சுமி மின்விசிறிக்கு நேர் கீழே இடம் மாறிக்கொண்டாள். நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

மாதம் முடிந்து அறிக்கை எழுத வேண்டிய நாள் வந்தது. போன மாதம் நூற்றுப் பத்து என்று எழுதியிருந்தேன். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸப் குழுவில் காபி டம்ளர்கள் வழக்கம் போல வந்துகொண்டிருந்தன. உண்மையில் தினமும் வாசிக்கிறவர்கள் என்று எனக்குக் கண்ணால் தெரிந்தவர்களை எண்ணினேன். ஏழு. அதில் ஏழாவது நான். ஏழு என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து போன். ஒரே மாதத்தில் எப்படி இம்புட்டுக் குறைந்தது என்று கேட்டார்கள். மற்றவர்கள் வாசிக்கவில்லை என்றேன். போன மாதம் வாசித்தார்களே என்றார்கள்.

“போன மாசமும் வாசிக்கலைங்க சார்” என்றேன்.

போனை வைத்துவிட்டார்கள். பிறகு எழுத்து மூலமாக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம் கொடுத்ததற்கு அவர்கள் என்ன விளக்கம் சொல்வார்கள் என்று எனக்கும் கேட்க ஆசைதான். கேட்கவில்லை. பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறியது. வர வேண்டிய ஒரு சின்னச் சம்பள உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீங்களும் ஒரு நாள் இப்படி ஓர் எண்ணை எழுத வேண்டி வரும். பெரிய எண்ணை எழுதினால் உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்ததா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மகாலட்சுமி அந்த வருஷமும் தேறவில்லை. நான்தான் அதற்குக் காரணம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டில் போராடி இன்னொரு தடவை எழுதி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். துளசிராமைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ராதாபாய் வீட்டிலேயே சேலை வைத்து விற்கிறார். பேசுவது அவர். நிறத்தின் பெயரும் கரையின் பெயரும் மட்டும் துளசிராம் சொல்வார், மெதுவாக. கனகவேல் இன்னும் குழுவில் இருக்கிறார். கேட்டால் வாசிப்பின் நன்மைகளைப் பற்றிப் பேசவும் வருவார்.

என் பணி ஓய்வு விழாவுக்கும் வந்தார். போனைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷம் பேசினார். ஆயிரக்கணக்கான வாசகர்களை உருவாக்கிய தாய் என்றார் என்னை. மேடையில் இருந்த அதிகாரிகள் பலமாகத் தலையாட்டினார்கள். அடுத்து யாராவது வாசகர் பேசுகிறீர்களா என்று சும்மா மரியாதைக்குக் கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் துளசிராம் எழுந்தார். ராதாபாய் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. மைக் முன்னால் வந்து நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். நேரம் ஆனது. இரண்டு பேர் இருமினார்கள்.

“மேடத்துக்கு... மொதல்ல... படிக்க வராது” என்றார்.

கனகவேல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“தினமும்... வந்தாங்க. இப்பப்... பரவால்ல.”

மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மேடையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் தட்டினேன்.